பச்சையாகவா, சமைத்தா? கட்சி கட்டாமல் இரண்டையும் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

சாப்பாட்டுப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். அடுப்பில் ஏற்றினால் சத்தெல்லாம் போய்விடும், பச்சையாகத் தின்பதே இயற்கை என்பார் ஒருவர். பச்சைக் காய் வயிற்றைக் கெடுக்கும், வெந்ததுதான் உடம்பில் ஒட்டும் என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை.

ஒரு தக்காளியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிப் பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அதே தக்காளியில், லைகோபீன் என்ற சிவப்பு நிறமி 164 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. சூட்டில் செல் சுவர் உடைந்ததும் உள்ளே சிக்கியிருந்தது வெளியே வந்துவிட்டது. இப்போது சொல்லுங்கள், அந்தத் தக்காளி கெட்டதா, மேம்பட்டதா? எந்தச் சத்தைத் தேடுகிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

ஆகவே மொத்தமாக ஒரு முடிவு எடுக்க வேண்டாம். பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவெடுங்கள். அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: பழைய நம்பிக்கைகளை முதலில் இறக்கி வையுங்கள்

பச்சை உணவை ஒரு மருத்துவ முறையாகவே ஆக்கியவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் மாக்ஸிமிலியன் பிர்ஷர்-பென்னர் (1867–1939). இன்று உலகமெங்கும் காலை உணவாக இருக்கும் மூஸ்லி அவர் நோயாளிகளுக்குக் கொடுத்த ஆப்பிள் கலவையிலிருந்து வந்ததுதான். மாவும் மாமிசமும் மிகுந்த சாப்பாடு வழக்கமாக இருந்த காலத்தில் பழமும் காயும் சாப்பிடச் சொன்னது பெரிய விஷயம். அந்த அறிவுரை இன்றும் நிற்கிறது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் நிற்கவில்லை. பச்சைத் தாவரம் சூரிய ஒளியைச் சேமித்து வைத்திருக்கிறது, சமைத்தால் அது அழிந்துவிடும் என்றெல்லாம் அவர் நம்பினார்.

இன்று அடிக்கடி கேட்கும் வாதம் என்சைம் வாதம். பச்சைக் காயில் உள்ள என்சைம்கள் நம் செரிமானத்துக்கு உதவும், சமைத்தால் அவை செத்துவிடும் என்பார்கள். சமைத்தால் அவை செயலிழக்கும் என்பது சரிதான். ஆனால் என்சைம் என்பதும் ஒரு புரதம்தானே? இரைப்பை அமிலத்தில் போய் விழுந்ததும் அதில் பெரும்பகுதி மற்றப் புரதங்களைப் போலவே சிதைந்துபோகும். செரிமானத்துக்கு வேண்டிய என்சைம்களை எச்சிலிலும் இரைப்பையிலும் கணையத்திலும் சிறுகுடலிலும் உடம்பே சுரந்துகொள்கிறது. விதிவிலக்கு சில உண்டு, வாய்க்குள் போகும் முன்பே வேலையை முடித்துவிடும் என்சைம்கள். அவற்றைப் படி 5-ல் பார்ப்போம்.

முழுக்க முழுக்கப் பச்சையாகவே வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர் பல ஆண்டுகளாகப் பச்சை உணவையே பிரதானமாகக் கொண்டவர்களை ஆராய்ந்து 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த உணவுக்கு மாறிய பிறகு ஆண்கள் சராசரியாக 9.9 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் எடை இழந்திருந்தார்கள். எடை குறைந்தால் நல்லதுதானே என்று நினைக்கலாம். ஆனால் 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியோ முழுவதுமாக நின்றோ போயிருந்தது. பச்சையின் பங்கு கூடக் கூட இந்தப் பாதிப்பும் கூடியது. உடம்புக்குப் போதிய சக்தி கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நன்றாக வேகாத எதுவும் நஞ்சு என்பதுபோல் காயைக் குழைய வேக வைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, நிறமும் மணமும் போன ஒன்றைச் சாப்பிடுவதில் எந்தப் பாதுகாப்பும் கூடிவிடவில்லை.

படி 2: சூடு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது மாவுச்சத்து. கிழங்கிலும் தானியத்திலும் அது இறுகிய மணிகளாக இருக்கிறது. தண்ணீரோடு சேர்த்து 60 முதல் 80 டிகிரிக்குச் சூடாக்கும்போது மணிகள் உப்பி வெடித்துக் குழைகின்றன. அதற்குப் பிறகுதான் நம் என்சைம்களால் அதை எளிதாக உடைக்க முடிகிறது. பச்சை உருளைக்கிழங்கின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலைச் செரிக்காமலேயே தாண்டிவிடும்.

இரண்டாவது புரதம். முட்டையைப் பச்சையாகக் குடித்தால் பலம் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னமும் சொல்கிறார்கள். 1998-ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தபோது, வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் வெறும் 51 சதவீதம். போதாக்குறைக்குப் பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேக வைத்தால் அந்தப் பிடி விட்டுவிடும். பலத்துக்காகக் குடிப்பவருக்குப் பாதி பலம் வீணாகிறது.

மூன்றாவது வைட்டமின்கள். இதில்தான் பச்சைக் கட்சிக்கு நல்ல வாதம் இருக்கிறது. வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டும் தண்ணீரில் கரைபவை, சூட்டுக்கும் தாங்காதவை. நிறையத் தண்ணீரில் நேரமெடுத்து வேக வைத்தால் பாதிக்கு மேல்கூடப் போய்விடலாம். அதில் கணிசமான பங்கு அழிவதில்லை, தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் குடித்தால் பாதி கணக்கு நேராகிவிடும். காரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகையறா கதை நேர்மாறு. சுவீடனில் 2002-ல் செரிமானத்தை ஆய்வகத்தில் போலச் செய்து காரட்டைச் சோதித்தார்கள். பச்சைக் காரட்டைப் பெரிய துண்டுகளாக விட்டபோது பீட்டா கரோட்டினில் 3 சதவீதம்தான் வெளிவந்தது. அதையே பச்சையாகவே கூழாக அரைத்ததும் 21 சதவீதம். கூழை வேக வைத்தபோது 27, எண்ணெயும் சேர்த்தபோது 39. எனக்கு இதில் பிடித்தது நடுவில் இருக்கும் 21 என்ற எண். நெருப்பே இல்லாமல் நன்றாகத் துருவுவதும் மெல்லுவதும்கூட ஒரு வகைச் சமையல்தான் என்று அது சொல்கிறது.

நான்காவது, சூடு எல்லை மீறினால் வருவது. மாவுச்சத்துப் பொருள்களை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகிக்கப்படும் சேர்மம் உருவாகிறது. உணவில் அது இருப்பதை 2002-ல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் வேக வைக்கும்போதும் ஆவியில் வேக வைக்கும்போதும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் அங்கே இந்தப் பிரச்சினையும் இல்லை. மாமிசத்தைத் தீயில் கருகச் சுடும்போது வேறு சில கெட்ட சேர்மங்கள் வருகின்றன. ஆகச் சமையல் என்று ஒரே பெயரில் சொன்னாலும், ஆவியில் வேக வைத்த பீன்ஸும் கருகிய வறுவலும் ஒரே இனம் கிடையாது. சமைத்த உணவைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் காட்டித்தான் திட்டுகிறார்கள்.

படி 3: உங்கள் சமையலறையில் உள்ளதை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

ஒரு நாள் உட்கார்ந்து, வீட்டில் வழக்கமாக வாங்கும் பொருள்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரு தடவை செய்தால் போதும்.

முதல் குவியல், பச்சையாகத் தொடவே கூடாதவை. இதில் முதலிடம் ராஜ்மாவுக்கு. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகை நச்சுப் புரதம் நிறைய இருக்கிறது. நாலைந்து பச்சை விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரலாம். அரைகுறையாக வேக வைப்பது அதைவிட மோசம். சுமார் 80 டிகிரியிலேயே நிறுத்தினால் நச்சுத்தன்மை சில மடங்கு கூடிவிடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பாத்திரத்தில் நேரடியாக ராஜ்மாவைப் போடக் கூடாது என்பது இதனால்தான். குறைந்தது 5 மணி நேரம் ஊற வையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

அடுத்தது மரவள்ளிக்கிழங்கு. அதில் சயனைடை வெளியிடும் லினமரின் இருக்கிறது, கசப்பு ரகங்களில் ரொம்பவே அதிகம். தோல் சீவி, துண்டாக்கி, நன்றாக வேக வைத்து, தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும். கோழி, மற்ற மாமிசம், முட்டை, காய்ச்சாத பால் எல்லாமும் இந்தக் குவியல்தான். நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டால் கல்லீரல் புழுக்கள் வரும் ஆபத்து உண்டு. கடல் மீனைப் பச்சையாகப் பரிமாறும் இடங்களில்கூட, ஒட்டுண்ணிகளைக் கொல்ல −20 டிகிரியில் 7 நாள் உறைய வைப்பது போன்ற விதிகள் இருக்கின்றன. வீட்டு ஃபிரிட்ஜை நம்பி அதைச் செய்ய முடியாது.

பலர் யோசிக்காத ஒன்று, மாவு. கோதுமை மாவு பச்சைப் பொருள். வயலில் ஒட்டிய கிருமி அரைத்த மாவிலும் இருக்கும். 2016-ல் அமெரிக்காவில் மாவின் வழியாகவே ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா பரவியது. கேக் கலவையைக் குழந்தைகள் விரலால் நக்குவதைத் தடுக்க முட்டையை மட்டும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

காளானையும் சமைத்தே சாப்பிடுங்கள். அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின் என்ற கெட்டியான நார்ப்பொருள், பச்சையாக அவ்வளவு எளிதில் செரிக்காது. ஷிடாகே காளானைச் சரியாக வேகாமல் தின்றவர்களில் சிலருக்குச் சாட்டையால் அடித்ததுபோல் தோலில் கோடுகோடாகத் தடிப்பு எழும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சமைத்தால் எல்லா நஞ்சும் போகும் என்று நினைக்காதீர்கள். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கின் சோலனின் வெந்தாலும் போகாது. வெள்ளரி, சுரை வகைக் காய்கள் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அது குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு, சாறாகக் குடித்தாலும் சமைத்தாலும் ஆபத்துதான். நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துக் கசந்தால் தூக்கி எறியுங்கள், சர்க்கரை போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது குவியல், எப்படியும் சாப்பிடலாம் என்பவை. காரட், தக்காளி, முட்டைக்கோஸ், வெங்காயம், குடைமிளகாய், பீட்ரூட், பசலைக்கீரை. இவற்றை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் நல்லது. பசலையில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் மிக அதிகம், வேக வைத்துத் தண்ணீரை வடித்தால் கணிசமாகக் குறையும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் பச்சைக் கீரைச் சாறு குடிப்பதை விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, பச்சையாகவே சிறந்தவை. பழங்கள், வெள்ளரி, லெட்யூஸ், எலுமிச்சைச் சாறு. இதில் விளக்க ஒன்றுமில்லை.

படி 4: பச்சையாகச் சாப்பிடுவதைப் பாதுகாப்பாகச் செய்யுங்கள்

சமையலில் சூடு செய்யும் கிருமி ஒழிப்பு வேலையைப் பச்சை உணவில் உங்கள் கைதான் செய்ய வேண்டும். அதுவும் முழுமையாக முடியாது, குறைக்கத்தான் முடியும்.

ஓடும் நல்ல தண்ணீரில், கையால் தேய்த்துக் கழுவுங்கள். நறுக்கிய பிறகு கழுவுவதில் பயனில்லை, தோலில் இருந்த அழுக்கைக் கத்தி ஏற்கெனவே உள்ளே கொண்டுபோயிருக்கும். தோலைச் சீவி எறியப்போகும் தர்பூசணியையும் முதலில் கழுவ வேண்டும் என்பது இதனால்தான். சோப்பு வேண்டாம், காயின் நுண்துளைகளில் அது தங்கிவிடும். தண்ணீரே சந்தேகத்துக்குரியது என்றால் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கழுவுங்கள், அல்லது தோலுரிக்கும் பழங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஊரில் அந்த நேரத்தில் சாலட் வேண்டாம், அவ்வளவுதான்.

மாமிசத்துக்கு ஒரு பலகை, ஒரு கத்தி. காய்க்கு வேறு. கோழியைக் குழாயடியில் கழுவுவதால் கோழி சுத்தமாவதில்லை, தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் சாலட்டில் போய் விழும். கோழிக் கிருமியைக் கொல்வது சூடுதான். உள்பாகம் 70 டிகிரியைத் தாண்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முளைகட்டிய பயறு பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆரோக்கிய உணவு என்றதும் பலர் முதலில் கைவைப்பது அதில்தான். முளை வருவதற்கு வேண்டிய வெதுவெதுப்பும் ஈரமும் பாக்டீரியாவுக்கும் மிகப் பிடித்தவை. விதைக்குள் கொஞ்சம் கிருமி இருந்தாலும் இரண்டு மூன்று நாளில் கோடிக்கணக்கில் பெருகிவிடும், மேலே கழுவினால் போகாது. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் கிட்டத்தட்ட 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைகட்டுவதால் நன்மை உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும் பைட்டேட் குறைகிறது, செரிமானமும் எளிதாகிறது. அந்த நன்மைகள் ஆவியில் சில நிமிடம் வைத்தாலும் இருக்கும். ஆகவே முளையை ஆவி காட்டிச் சாப்பிடுங்கள் என்பதே என் கருத்து. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதில் விவாதமே வேண்டாம்.

படி 5: சமைப்பதைக் குறைவாக, கவனமாகச் செய்யுங்கள்

ஆவியில் வேக வைப்பது, மூடி போட்டுக் குறைந்த தண்ணீரில் வேக வைப்பது, மைக்ரோவேவில் சில நிமிடம் வைப்பது, இவை மூன்றும் வைட்டமின்களை நன்றாகவே காக்கின்றன. மைக்ரோவேவைப் பற்றிய பயத்துக்கு அடிப்படை கிடையாது. நேரமும் தண்ணீரும் குறைவு என்பதால் சத்து இழப்பும் குறைவு. காயைப் பெரிய துண்டாக நறுக்குங்கள், தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள், நிறம் பளிச்சென்று இருக்கும்போதே இறக்குங்கள். பச்சை நிறக் காய் மங்கிய பாசி நிறத்துக்கு வந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

மேலே சொன்ன விதிவிலக்கு என்சைம்களுக்கு வருவோம். பூண்டை நசுக்கும்போது அலினேஸ் என்ற என்சைம் வேலை செய்து, பூண்டின் மணத்துக்கும் குணத்துக்கும் காரணமான அலிசின் உருவாகிறது. முழுப் பல்லை நேராக எண்ணெயில் போட்டால் என்சைம் முதலிலேயே செயலிழந்துவிடும். நசுக்கிப் 10 நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் போடுங்கள். புரோக்கோலி, முட்டைக்கோஸ் வகையிலும் இதே கதைதான். நறுக்கும்போது மைரோசினேஸ் என்ற என்சைம் சல்ஃபோராஃபேன் போன்ற பயனுள்ள சேர்மங்களை உருவாக்குகிறது. நறுக்கி அரை மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டுச் சமைத்தால் நல்லது. அவ்வளவு பொறுமை இல்லையா? வெந்த புரோக்கோலியின் மேல் ஒரு சிட்டிகைக் கடுகுப் பொடி தூவுங்கள், கடுகிலும் அதே என்சைம் இருக்கிறது. பச்சைப் பொருள் ஒன்று சமைத்த பொருளுக்கு விட்டதைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த வழிகாட்டியிலேயே எனக்கு மிகப் பிடித்த வித்தை இது.

சமைத்த பிறகும் கவனம் வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சோற்றில் இது முக்கியம். பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கிப் பிழைத்து, வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது.

படி 6: இரண்டையும் ஒரே தட்டில் சேருங்கள்

பழமும் காயுமாக நாளைக்கு 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிழங்குகள் இதில் சேராது. அதில் பச்சை எவ்வளவு, சமைத்தது எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லவில்லை. அறுபதுக்கு நாற்பது, எண்பதுக்கு இருபது என்று உறுதியாகச் சொல்பவர்கள் சொந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். தொடங்க ஒரு அளவு வேண்டுமென்றால் ஒவ்வொரு பெரிய வேளையிலும் ஒரு கைப்பிடி பச்சைக் காய், நாளைக்கு ஒன்றிரண்டு பழம், மற்றதெல்லாம் சமைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இது போதும்.

எண்ணிக்கையைவிடச் சேர்க்கை முக்கியம். பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பை உடம்பு சிரமப்பட்டுத்தான் எடுத்துக்கொள்கிறது. அதே வேளையில் வைட்டமின் சி இருந்தால் அது எளிதாகும். ஆகவே சமைத்த பருப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், அல்லது பக்கத்தில் சமைக்காத குடைமிளகாயோ கொய்யாவோ வையுங்கள். கொதிக்கும்போதே பிழிந்தால் புளிப்பு இருக்கும், வைட்டமின் குறையும். இதே போல, எண்ணெயே இல்லாத சாலட்டில் கரோட்டின்கள் அநேகமாக உடம்பில் சேராமலே போகும். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கொட்டைகள், அல்லது வெந்த முட்டை ஒன்று சேர்த்தால் போதும். எடை குறைய வேண்டும் என்று எண்ணெயை முழுவதும் துறப்பவர்கள் காயைத் தின்றும் அதன் பலனை விட்டுவிடுகிறார்கள்.

புளிக்க வைத்த காய் இரண்டு பக்கமும் சேராத ஒன்று. சூடு படாமலே நுண்ணுயிர்கள் பாதிச் செரிமானத்தை முடித்து வைத்திருக்கும். உப்பை மட்டும் கவனித்துக்கொண்டு கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

படி 7: உங்கள் வயிற்றையும் வயதையும் நோயையும் கணக்கில் எடுங்கள்

இதுவரை சமைத்ததையே சாப்பிட்டவர் திடீரென்று பெரிய கிண்ணம் சாலட் சாப்பிட்டால் வயிறு உப்பும், காற்று பிரியும். பச்சை ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்றே முடிவுகட்ட வேண்டாம். குடல் பாக்டீரியாக்கள் புது நார்ச்சத்துக்குப் பழகச் சில வாரம் ஆகும். முதல் வாரம் வெள்ளரி, தோல் சீவிய காரட் துருவல் போன்ற சாதுவானவை மட்டும், சில கரண்டி அளவு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் எல்லாம் கடைசியில். தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். சில வாரத்துக்குப் பிறகும் வலி இருந்தால் அந்தக் காயைச் சமைத்துச் சாப்பிடுங்கள், குற்றவுணர்வு தேவையில்லை. எரிச்சல் குடல் நோய் உள்ள பலருக்குப் பச்சைக் காய் சரிப்படுவதே இல்லை.

ஆப்பிள் கடித்ததும் வாயும் தொண்டையும் அரிக்கிறதா? மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வரும். மகரந்தப் புரதத்தைப் போலவே ஒன்று பழத்தில் இருப்பதால் உடம்பு ஏமாறுகிறது. வேக வைத்தால் அந்தப் புரதம் உருமாறிவிடுவதால் அதே ஆப்பிளைச் சமைத்துச் சாப்பிட முடியும். மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் பரிசோதனை செய்து பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் பெரிய கவலை. காய்ச்சாத பால், அதில் செய்த சீஸ், பச்சை முளை, வேகாத முட்டை, மாமிசம், வெளியே நறுக்கி வைத்த சாலட் எதுவும் வேண்டாம். வீட்டில் நன்றாகக் கழுவிய பழமும் காயும் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் போட்டுலிசம் என்ற நோய் வரக்கூடும். சிறு பிள்ளைகளுக்குப் பச்சைக் காரட் துண்டும் முழுக் கொட்டையும் தொண்டையில் அடைக்கும், துருவியோ பொடித்தோ கொடுங்கள். பல் போன பெரியவர்களுக்கும் துருவல்தான் வழி.

நோய்களில் மூன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியிருந்தால், காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்துவிடச் சொல்வார்கள். மேலே நான் சொன்னதற்கு நேர் எதிர், அவர்களுக்கு அதுவே சரி. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தோடு மல்லுக்கட்டும். மூன்றாவது தைராய்டு. முட்டைக்கோஸ் இனத்தைப் பச்சையாக மிக அதிகமாகச் சாப்பிட்டால் அயோடின் உடம்பில் சேர்வது தடைப்படும். 2010-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த செய்தி இது: 88 வயது மூதாட்டி ஒருவர், சர்க்கரை கட்டுப்படும் என்று நம்பி மாதக்கணக்கில் தினமும் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை பாக் சோய் என்ற முட்டைக்கோஸ் இனக் கீரையைப் பச்சையாகத் தின்று, தைராய்டு முற்றிலும் சோர்ந்து, நினைவு மங்கிய நிலையில் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டார். சாலட்டில் கொஞ்சம் முட்டைக்கோஸ் சேர்ப்பவர் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. கிலோ கணக்குத்தான் பயப்பட வேண்டியது.

படி 8: உணவு மதமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பச்சைக்கு மாறியவர்களில் சிலர் முதலில் டீயை விடுகிறார்கள், பிறகு சோற்றை, பிறகு கல்யாண விருந்தை, கடைசியில் உறவுகளையே. தட்டில் வெந்த காய் ஒன்று விழுந்தால் தீட்டுப் பட்டதுபோல் தவிக்கிறார்கள். இதற்கு அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் 1997-ல் ஆர்த்தோரெக்சியா என்று பெயர் வைத்தார். மனநல மருத்துவத்தின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அது இன்னும் தனி நோயாக ஏறவில்லை, ஆனால் அதில் சிக்கித் தவிப்பவர்கள் நிஜம். சமைத்த உணவு மட்டுமே பாதுகாப்பு என்று எங்கே போனாலும் டப்பாவோடு அலைபவரும் இதே தெருவின் எதிர்முனையில்தான் குடியிருக்கிறார்.

உங்களையே சோதித்துக்கொள்ள ஒரு வழி: நண்பர் வீட்டில் உங்கள் வழக்கத்துக்கு மாறான, ஆனால் பாதுகாப்பான ஒன்றைப் பரிமாறினால் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா? முடிந்தால் சரி. இல்லையென்றால் உணவுப் பட்டியலைவிட மனசைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, முக்கால்வாசிக்கு மேல் பச்சையாகவே சாப்பிடுவேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. பால், முட்டை, மாமிசம் எதுவும் இல்லையென்றால் வைட்டமின் பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும், பச்சைத் தாவர உணவில் அது நம்பும் அளவுக்குக் கிடைக்காது. எடையை மாதா மாதம் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பி12, ஹீமோகுளோபின், வைட்டமின் டி பரிசோதனை செய்யுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ, எப்போதும் குளிர்ந்தாலோ, முடி கொத்தாகக் கொட்டினாலோ, கை கால் மரத்தாலோ உடம்பு நச்சை வெளியேற்றுகிறது என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டுக் காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.